மாமியாரும் ஆறு வயது மகளும் நடக்கக்கூடிய போர்க்களம் எது?

செந்தூல் மீனா

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறை வருகிறது, அதனால் கேட்கிறேன்.

மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். வரலாறு என்றால் அவனுக்குப் பைத்தியம். போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, "அம்மா, நம் நாட்டில் சண்டை நடந்த இடத்தில் போய் நிற்க முடியுமா?" என்று கேட்டான். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "அங்கே கண்ணாடிப் பெட்டிதானே இருக்கும். நான் கேட்பது மண்" என்றான். அவன் அப்பா சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். வழி கண்டுபிடிக்கும் வேலை வழக்கம்போல் என் தலையில்.

போகிறவர்கள் ஐந்து பேர். நான், கணவர், மகன், ஆறு வயது மகள், எழுபது வயது அத்தை, அதாவது என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் "நீங்கள் வீட்டில் இருங்கள்" என்று சொன்னால் அந்த வலி மனத்துக்கு ஏறிவிடும். ஆகவே அவரும் வருவார்.

எனக்குப் பழைய சூடு ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு தெரிந்தவர் ஒருவர், "சின்னப் பிள்ளைகூட ஏறிவிடும்" என்று ஒரு குன்றைச் சொன்னார். நம்பிப் போனோம். பாதி வழியில் பாறையிலிருந்து கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை முதலில் கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை எந்தப் பயணப் பேச்சை எடுத்தாலும், "கயிறு இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்.

கோலாலம்பூரிலிருந்து காலையில் போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். கழிவறை கட்டாயம் வேண்டும். கொஞ்சமாவது நடக்க வேண்டும், ஏனென்றால் மகன் காரிலிருந்தே பார்த்துவிட்டு வருவதை ஒப்புக்கொள்ள மாட்டான். உண்மையிலேயே சண்டை நடந்த இடமாக இருக்க வேண்டும். கயிறு கூடாது.

கிள்ளான் ரவி

கோல சிலாங்கூர், புக்கிட் மெலாவாத்தி. வேறு யோசனையே வேண்டாம். குன்று, பீரங்கி, குரங்கு, கலங்கரை விளக்கம் எல்லாம் ஒரே இடத்தில். மதியம் பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிடுங்கள். இரவு தங்குவதாக இருந்தால் கம்போங் குவாந்தானில் மின்மினிப்பூச்சி. முடிந்தது.

ஈஜோக் பழைய ஓட்டுநர்

ரவி தம்பி சொன்ன இடம் சரி. சொன்ன விதம் சரியில்லை. மெலாவாத்தியை அப்படிப் பார்த்துவிட்டு வந்தால் குரங்குக்குப் பயத்தங்காய் போட்ட படம் மட்டும் கைப்பேசியில் மிஞ்சும். போர்க்களம் பார்த்ததாக ஆகாது.

மீனாம்மா, நான் 26 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன். பள்ளிச் சுற்றுலாவுக்கென்று அந்தக் குன்றடிக்குப் போன தடவைகளுக்குக் கணக்கில்லை. ஆசிரியர்கள் மேலே போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது மற்ற ஓட்டுநர்கள் வண்டி நிழலில் உறங்குவார்கள். நான் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்று கேட்பேன். ஒரே கிணற்றுக்கு ஒன்பது கதை கேட்டிருக்கிறேன். பிறகு நானாகப் படித்தும் தெரிந்துகொண்டேன். ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு முன்பே புறப்படுங்கள். லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக் வந்து, அங்கிருந்து புக்கிட் ரோத்தான் வழியாகப் போகலாம். போனதும் நேரே குன்றில் ஏறாதீர்கள். முதலில் பிள்ளைகளை ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், எனக்கு இதில் தீராத வருத்தம்.

சண்டை குன்றுக்காக நடந்ததல்ல, ஆற்றுக்காக. உள்நாட்டில் தோண்டிய ஈயம் சிலாங்கூர் ஆற்று வழியாகப் படகில் இறங்கி, இந்த முகத்துவாரத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்த நாளில் சாலை ஏது? பேருந்து வாசலில் கண்டக்டர் நின்றால் அவரைத் தாண்டி எவனும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. முகத்துவாரத்துக் குன்றில் பீரங்கி வைத்திருப்பவன் அந்தக் கண்டக்டர். வரியும் அவனுக்கு, விலை பேசும் உரிமையும் அவனுக்கு. மகனிடம் இதை ஆற்றங்கரையில் சொல்லிவிட்டு மேலே அழைத்துப் போங்கள். அப்புறம் அவனே மீதியைச் சொல்வான்.

1784-ஆம் ஆண்டில் நடந்தது இது. மலாக்கா அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. ரியாவ் தீவுகளின் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டார். சிலாங்கூர் சுல்தான் இப்ராகிம் அவருக்குத் துணை போனார். ஜூன் மாதத்தில் ராஜா ஹாஜி போரில் விழுந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த டச்சுப் போர்க்கப்பல்கள், வான் பிராம் என்ற தளபதியின் தலைமையில், அடுத்து சிலாங்கூரைப் பிடிக்க இந்த முகத்துவாரத்துக்கு வந்தன. ஆகஸ்ட் மாதத்தில் குன்று டச்சுக்காரர் வசமாயிற்று. சுல்தான் பகாங்குக்குத் தப்பிப் போனார்.

இங்கேதான் கதை சுவைக்கிறது. போன சுல்தான் ஓர் ஆண்டுக்குள் திரும்பி வந்தார். கப்பலில் வரவில்லை. பகாங் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு காட்டு வழியாகத் தரை மார்க்கமாக வந்தார். 1785 ஜூனில் ஓர் இரவில் கோட்டை மேல் பாய்ந்தார். டச்சுக்காரர்கள் பீரங்கிகளை விட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடினார்கள். பிறகு ஆற்று வாயைக் கப்பலால் அடைத்து, அவர் மூச்சைத் திணறடித்து, 1786-இல் உடன்படிக்கைக்கு வரவைத்தார்கள். அது வேறு கதை. ஆனால் அந்த இரவு சுல்தானுடையது.

நூறு ஆண்டு ஆவதற்குள் மறுபடி இங்கே குண்டு விழுந்தது. 1867-இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் ராஜா மஹாடி ஒரு பக்கம், துங்கு குடின் மறுபக்கம். 1871 ஜூலையில் ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து கோல சிலாங்கூரைச் சுட்டது. அப்போதும் பிரச்சினை ஈயமும் வரியும்தான்.

இனி நடை. குன்று நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. தார்ச் சாலை குன்றைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது, பெரிய மரங்களின் நிழல். வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் சொந்தக் காரை மேலே விடுவதில்லை. கீழேயிருந்து டிராம் போகும். டிராம் என்றுதான் பெயர், தண்டவாளம் கிடையாது, சுவரில்லாத வண்டித் தொடர். அத்தையை அதில் ஏற்றிவிட்டு நீங்கள் நடக்கலாம். இறங்கும்போது அவரும் நடக்கட்டும், சரிவு மெதுவானது. உங்கள் மகனுக்குத் தார்ச் சாலை போதாது என்றால் பழைய நூறு படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போங்கள். மழை பெய்திருந்தால் வேண்டாம், பாசி வழுக்கும். கயிறு இல்லை.

மேலே பீரங்கிகளைப் பார்த்ததும் பிள்ளைகள் ஏறி உட்காரத்தான் பார்ப்பார்கள். அவற்றின் வாய் நீளும் திசையில் இப்போது தெரிவது பாக்காவ் என்ற அலையாத்திக் காடு, அதற்கு அப்பால் கடல். அந்தக் காட்டைத்தான் இயற்கைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். கலங்கரை விளக்கம் 1907-இல் கட்டியது. அதன் பெயர் அல்திங்ஸ்பர்க். டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டைக்கு வைத்த பெயர் அது, அப்போது பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) உட்கார்ந்திருந்த அவர்களுடைய கவர்னர் ஜெனரல் அல்திங்கின் ஞாபகமாக. தோற்று ஓடியவர்களின் பெயரை விளக்குக்கு வைத்த புண்ணியவான் யாரோ! ஆங்கிலேயர்களுக்கு நகைச்சுவை உண்டு என்று எடுத்துக்கொள்வோம். சுல்தான்களின் அடக்கத்தலமும் மேலேதான் இருக்கிறது. அங்கே மட்டும் பிள்ளைகளைக் கத்த விடாதீர்கள்.

தலை வெட்டும் கல் என்று ஒரு தட்டைப் பாறையைக் காட்டுவார்கள். ஆறு வயதுக்கு அது தேவையில்லை, வேகமாகத் தாண்டிவிடுங்கள்.

கிணறு விஷயத்தில் நான் நின்றுதான் பேசுவேன். விஷக் கிணறு என்று ஒன்று இருக்கிறது. துரோகிகளைத் தண்டிக்க அதில் மரப்பாலையும் மூங்கில் குருத்தின் சுனையையும் கலந்து, ஆளை இறக்கிவிடுவார்களாம். உடம்பெல்லாம் அரிப்பெடுத்து வதைபடுவார்களாம். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இதை, "ரப்பர் பாலை ஊற்றினார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் தோட்ட லயத்தில் பிறந்தவன். அம்மா பால்வெட்டுக்காரர். மங்கில் வடிந்த பாலின் வாடையில்தான் வளர்ந்தேன். "சார், ரப்பர் கொடுக்கும் நம் கித்தா மரம் இந்த நாட்டுக்கு வந்ததே 1877-இல். கோலகங்சாரில் நட்டார்கள். சுல்தான் இப்ராகிம் காலத்தில் இங்கே ஏது கித்தா?" என்றேன். அவர் என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். மலாயில் கெத்தா என்றால் எந்த மரத்தின் பாலுக்கும் பெயர். காட்டில் அரிக்கும் பால் உள்ள மரத்துக்கா பஞ்சம்? அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நம் ஆட்கள் 'கெத்தா' என்று கேட்டவுடன் வாளியும் உளியுமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

கம்பார் விஜி

ஓட்டுநர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. மெலாவாத்தி நல்ல இடம்தான், நானும் நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஆனால் பையன் என்ன கேட்டான்? மண் கேட்டான். மெலாவாத்தியில் அவன் மிதிக்கப்போவது தார்.

நான் கம்பாரில் வளர்ந்து இப்போது கெப்போங்கில் இருக்கிறேன். எங்கள் ஊரில் கிரீன் ரிட்ஜ் என்ற மேடு இருக்கிறது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியரை நான்கு நாள் நிறுத்திவைத்த இடம். வடக்கே ஜித்ராவிலிருந்து பின்வாங்கிக்கொண்டே வந்த பிரிட்டிஷ் தரப்புப் படை, இங்கே நின்று அடித்தது. வடக்கே தோற்றுச் சிதைந்த இரண்டு ஆங்கிலப் படைப்பிரிவுகளின் மிச்சத்தை ஒன்றாகச் சேர்த்து பிரிட்டிஷ் பட்டாலியன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களோடு பஞ்சாப், ஜாட் படையினர். கிழக்குப் பக்கத்தைக் கூர்க்காக்கள் பார்த்துக்கொண்டார்கள். ஏன் கம்பார் என்றால், ஒரு பக்கம் புஜாங் மலாக்கா மலை செங்குத்தாக நிற்கிறது. இன்னொரு பக்கம் ஈயம் தோண்டிய வெட்டவெளி. வருகிறவன் ஒளிய மரமில்லை, பீரங்கிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஜனவரி 2 அன்று ஜப்பானியர் பக்கத்து மேட்டைப் பிடித்தபோது, பஞ்சாப் படையின் சீக்கியப் பிரிவை ஜான் கிரகாம் என்ற கேப்டன் அழைத்துக்கொண்டு துப்பாக்கி முனைக் கத்தியோடு மேலேறிப் பாய்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் அங்கேயே விழுந்தார்கள். கேப்டனுக்கு இரண்டு கால்களும் போயின, பிறகு உயிரும் போயிற்று. மேடு மீட்கப்பட்டது. ஆனால் ஜப்பானியர் கடல் வழியாகத் தெலுக் இந்தான் பக்கம் இறங்கிவிட்டதால், முதுகில் ஆள் வந்துவிடும் என்று அன்றிரவே பின்வாங்கினார்கள். தோற்காமலே விட்டுப்போன இடம் அது. அடுத்து சிலிம் ரீவரில் டாங்கிகள் புகுந்து எல்லாம் நொறுங்கியது. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், குழிகள். அவ்வளவுதான். சிப்பாய்கள் தோண்டிய பதுங்குகுழிகள், மண் சரிந்து, இலை நிரம்பி, மரத்தடிகளில் கோடு கோடாகக் கிடக்கின்றன. முதல் தடவை போகிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டே, "எங்கே குழி?" என்று கேட்பார்கள். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் வரிசையாகத் தெரியும். ஒரு குழிக்குள் இறங்கிக் குந்திப் பாருங்கள். கண் மட்டத்தில் சரிவு முழுவதும் தெரியும். இந்த இடங்கள் மறந்துபோகாமல் இருக்கக் காரணம், ஆங்கிலோ சீனப் பள்ளியில் ஆசிரியராக இருந்த சாய் கூய் லூங். வாழ்நாள் முழுக்க இதையே பிடித்துக்கொண்டு, கேட்டு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு மேட்டில் ஏறியவர்.

நடை குறைவுதான். ஆனால் மண் பாதை, கொசு, மழைக்குப் பிறகு வழுக்கல். நீளக் கால்சட்டையும் நல்ல சப்பாத்தும் வேண்டும். மேட்டில் கழிவறை, கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் மின்சார ரயில் கம்பாரில் நிற்கும். அத்தைக்கு ரயில் பிடிக்குமென்றால் பாதி வேலை முடிந்தது. ஊருக்குள் ஈயச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட கோழிக்கறி எங்கள் ஊர்ப் பெருமை. பெரிய ரொட்டியை வெட்டித் திறந்ததும் ஆவி வரும், பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

தைப்பிங் வரை போக நேரம் இருந்தால் போர் கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் கிறிஸ்துவர்கள், அந்தப் பக்கம் இந்தியப் படையினர். பெயர் தெரியாதவர்களின் கற்கள்தான் அதிகம்.

ஈஜோக் பழைய ஓட்டுநர்

கோபமில்லை விஜி. நீங்கள் சொன்னது மண்ணுக்கு மண். அங்கே நான் ஒரு தடவைதான் போயிருக்கிறேன், குழியில் இறங்கிக் குந்தவும் செய்தேன். எழுந்திருக்கத்தான் இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், எழுபது வயது முழங்காலை முதலில் அங்கே கொண்டுபோகக் கூடாது. கழிவறை என்று மீனாம்மா தெளிவாக எழுதியிருக்கிறார். மெலாவாத்தி முதலில், கம்பார் அடுத்த விடுமுறையில், அப்பாவும் மகனும் மட்டும்.

கம்பாரில் நிற்கும்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சண்டைக்கு ஏழெட்டு மாதம் முன்பு, 1941 மே மாதத்தில், கிள்ளான் பக்கத் தோட்டங்களில் நம் ஆட்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அதை அடக்க இந்தியப் படையினரைத்தான் அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களில் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். எங்கள் லயத்துப் பெரியவர்களுக்குச் சிப்பாய் என்றால் முதலில் அந்த முகம்தான் தெரியும். கம்பாரில் விழுந்தவர்களும் அதே படையைச் சேர்ந்தவர்கள். யாரைத் திட்டுவது? நான் குழியருகே சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

பூச்சோங் சரசு

வரலாறெல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் குரங்கு பற்றி மட்டும். மெலாவாத்தியில் இரண்டு வகை இருக்கின்றன. சாம்பல் நிறத்தில், தலை முடி கூம்பாக நிற்பது லுத்தோங். சாது. அதன் குட்டி ஆரஞ்சு நிறம். மற்றது நீண்ட வாலும் பழுப்பு நிறமுமாக நம் பத்துமலையில் தேங்காய் பறிக்கிற அதே சாதி. அதன் கண்ணில் பிளாஸ்டிக் பை படக் கூடாது. தின்பண்டத்தைக் காரிலேயே வைத்துவிடுங்கள். விற்கிறார்கள் என்று பயத்தங்காய் வாங்கிக் கொடுக்காதீர்கள், சாது குரங்குக்கு நீட்டினாலும் பிடுங்கிக்கொண்டு போவது மற்றதுதான்.

செந்தூல் மீனா

போய் வந்தோம்! எல்லாருக்கும் நன்றி. எப்படி இருந்தது என்று எழுதாவிட்டால் ஓட்டுநர் ஐயா விடமாட்டார் என்று தெரியும்.

சனிக்கிழமை. ஆறரைக்குப் புறப்படுவதாகத் திட்டம், ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். காரில் ஏறும் முன் அத்தை கேட்டார், "கயிறு?" இல்லை என்று கணவர் சத்தியம் செய்தார். புக்கிட் ரோத்தானில் தோசை சாப்பிட்டுப் பசியாறினோம். அங்கேயே அத்தையின் முகம் மாறத் தொடங்கியது. அவர் கல்யாணத்துக்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவர். எனக்கு அது தெரியும், ஆனால் அந்த வழியில் அவரோடு நான் போனதே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எல்லாம் செம்பனையாகிவிட்டது" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஐயா சொன்னபடி முதலில் ஆற்றங்கரை. மீன்பிடிப் படகுகள், சேற்று வாடை, பழுப்புத் தண்ணீர். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் கதையை நான் சொன்னேன். மகன் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இது டோல் சாவடி" என்றான். அவன் அப்பா, மாதாமாதம் தான் கட்டும் டோல் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். நிறுத்திவிட்டேன்.

அத்தையும் மகளும் டிராமில் போனார்கள். நாங்கள் மூவரும் நடந்தோம். வழியெல்லாம் நிழல்தான். கயிற்றுக் குன்றை நினைத்தால் இது பூங்காவில் நடப்பது மாதிரி. மேலே போனபோது அத்தை மர நிழலில் உட்கார்ந்திருந்தார், மகள் ஆரஞ்சுக் குட்டியைப் பார்த்து, "பாட்டி, அந்தப் பாப்பாவுக்கு மட்டும் ஏன் சாயம் பூசியிருக்கிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பீரங்கி அருகில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மகன் அதன் பின்னால் குந்தி, குழாயின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தான். காடு, கடல். அப்படியே இருந்தான். பிறகு எழுந்து பீரங்கிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். "அம்மா, சுல்தான் இந்தப் பக்கமாகத்தானே வந்தார்?" என்றான். ஆமாம், பகாங்கிலிருந்து, தரை வழியாக. "அப்படியென்றால் டச்சுக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்." இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் யோசித்ததில்லை. அப்புறம் கால் மணி நேரம் அவனும் அவன் அப்பாவும் எந்தச் சரிவில் ஏறினால் சத்தம் கேட்காது என்று குன்றைச் சுற்றி ஆராய்ந்தார்கள். இருட்டில் இலை மேல் நடந்தால் சத்தம் வராதா என்பது அவர்களுடைய பெரிய சர்ச்சை. மகன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தான். சத்தம் வந்தது. மழை பெய்திருந்தால் வராது என்று முடிவு செய்துகொண்டான்.

விஷக் கிணற்றருகே ஐயாவின் வாதத்தைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மகன் விளக்கப் பலகையைப் பார்த்துப் பாட்டிக்குக் கதையைச் சொல்லிவிட்டான். அத்தை கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பால்?" கித்தாப் பால் என்றால் அரிக்காது, ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார். "கையெல்லாம் பட்டுக் காய்ந்து தோல் மாதிரி உரியும். தலைமுடியில் பட்டால்தான் தொல்லை, வெட்டத்தான் வேண்டும். நாற்பது வயதுவரை என் முடியில் பால் வாடை இருந்தது. அதில் ஒருவனும் சாகவில்லை." பேத்தியின் கையைப் பிடித்து, பட்டையில் எப்படிச் சாய்வாகக் கோடு இழுக்க வேண்டும் என்று சுட்டுவிரலால் வரைந்து காட்டினார். மகளுக்குக் கூச்சம், சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். அத்தை மறுபடி பிடித்து மறுபடி வரைந்தார்.

விபத்தும் ஒன்று நடந்தது. சரசு அக்கா சொன்னபடி தின்பண்டமெல்லாம் காரில். ஆனால் அத்தையின் வெற்றிலைப் பையை யாரும் தின்பண்டமாக நினைக்கவில்லை. நீளவால் குரங்கு நினைத்தது. மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு மதில் மேல் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தது. வெற்றிலையைக் கிழித்து எறிந்தது. சுண்ணாம்பு டப்பாவைக் கடித்துத் திறந்து ஒரு விரல் நக்கியது. கணவர் குச்சியைத் தேடினார். அத்தை அவரைத் தடுத்து, "பொறு, அதுவே தரும்" என்றார்.

இறங்கும்போது அத்தை நடந்தே இறங்கினார், இரண்டு இடத்தில் மட்டும் நின்றார். படிக்கட்டை மகனும் மகளும் எண்ணினார்கள். அவனுக்கு ஒரு கணக்கு, அவளுக்கு ஒரு கணக்கு. இரண்டும் நூறு இல்லை.

விஜி, கம்பாருக்கு டிசம்பரில் ரயிலில் போகிறோம். அப்பாவும் மகனும் மட்டும் என்று ஐயா சொன்னதை அத்தையிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஐயா பிறந்தது எந்தத் தோட்டம் என்று கேட்கச் சொன்னார்.

ஈஜோக் பழைய ஓட்டுநர்

உங்கள் மகன் பீரங்கிக்கு முதுகைக் காட்டியதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இத்தனை ஆண்டில் ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் திரும்பியதில்லை, நானும் திரும்பியதில்லை.

தோட்டத்தின் பெயரைத் தனியாக எழுதி அனுப்புகிறேன், அத்தைக்குத் தெரிந்திருக்கும். சுண்ணாம்பு தின்ற குரங்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே?

செந்தூல் மீனா

பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடியது ஐயா. கொஞ்ச நேரத்தில் வாயை மரத்தில் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்து அத்தைக்கு எதிரே உட்கார்ந்தது. அத்தை ஒரு பாக்கை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்து மெதுவாக மென்றார்.